பகுதியெண்

கொழும்பிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
வெள்ளிக்கு முன் அனுப்பவேணும்.
சேர்ந்தோர், தொடர்வோர், பட்டம் பெற்றோர்,
அடியில் ஒரு பெட்டி: தக்கவைப்பு வீதம்.

நூற்றிருபத்துநாலு பேர் சேர்ந்தவை.
நாலாம் வருடம் எண்பத்தொன்பது.
மிச்சம் என்று எழுதப் போய்
பேனை நின்றுவிட்டது.
கிளிநொச்சியில் ஆட்களைக் கூட்டிக் கழித்து
மிச்சம் என்று எழுதினால்
அதற்கு வேறு பொருள்.
வெட்டிவிட்டு, தொடர்வோர் என்றே போட்டேன்.

போன முப்பத்தைந்து பேருக்கும் காரணம் வேணும்.
படிவம் நாலு தருகிறது:
பொருளாதாரம், சுகவீனம், குடும்பம், பிற.

தொலைபேசியை எடுத்தேன்.
பாதி இலக்கங்கள் பாவனையில் இல்லை.
கஜீபனின் தாய் எடுத்தா.
"பெடியன் கட்டாரில, தம்பி.
திரும்பச் சோதினைக்கு வரச்சொல்லுறியளோ?"
இல்லையம்மா, இது ஒரு கணக்கெடுப்பு.
"கணக்கோ?
போன கிழமைதானே வந்து வாங்கிக்கொண்டு போனவை."
நுண்கடன்காரர் என்று நினைத்துவிட்டா.
நான் வாய் திறக்கமுன் தொடர்பு அறுந்தது.
பொருளாதாரம். சரி அடையாளம் போட்டேன்.

அமிர்தகுமரன், வட்டக்கச்சி.
நாலு ஏக்கர் காலபோகம்,
தகப்பனுக்கு இடது கால் முழங்காலோடு சரி.
வெட்டு மெசின் வருகிற கிழமை
வரம்பில் ஒரு ஆள் நிற்கத்தான் வேணும்.
வரவு எண்பது வீதம் இல்லையென்று
சோதினை மண்டபத்து வாசலில் திருப்பினோம்.
நெல்லுக்கும் மாசி. எங்கள் சோதினைக்கும் மாசி.
நெல்லின் மாசியை யாரும் மாற்றேலாது.
மற்ற அட்டவணையைத் தட்டச்சுச் செய்தவன் நான்.
நாலு காரணங்களிலும் தேடினேன்,
எங்கள் பெயர் இல்லை.

துளசிகாவின் கொப்பி என் லாச்சிக்குள் கிடக்கிறது.
விரிவுரை மண்டபத்தில் ஆரோ கண்டெடுத்துத் தந்தது.
ஆங்கிலத்தில் சொன்னதெல்லாம்
காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில்:
டெரிவேட்டிவ், பவுண்டரி கண்டிசன்,
பிறகு ஒரு பக்கம் முழுக்கக் கேள்விக்குறி.
அவளுக்கு எதைப் போட? பிற.

இசுருவின் கோவையில் ஒரு மருத்துவச் சான்றிதழ்.
வந்து பதினாறாம் நாள்
மொனராகலை பஸ்சுக்கு ஏறியவன்.
சுகவீனம் என்றிருக்கிறது.
அந்தப் பதினைந்து இரவும்
விடுதியின் மேல்மாடியில் விளக்கு எரிந்தது
காவலாளிக்குத் தெரியும்.
எனக்கும் சொன்னான்.
சுகவீனம் என்றே நானும் எழுதினேன்.

மூன்று மணிபோல யன்னலுக்கு வெளியே ஒரு பெண்,
இடுப்பில் பிள்ளை.
பட்டமளிப்புக் காசு கட்ட வந்தவள்.
சுட்டெண்ணைப் பார்த்தேன், பழைய தொகுதி.
நாலு வருடப் பட்டத்தை ஏழு வருடத்தில் முடித்திருக்கிறாள்:
கலியாணம், பிள்ளை, புளியங்குளத்தில் மாமியார்,
மூன்றுமுறை திருப்பி எழுதிய ஒரு பாடம்.
பெயர் மிருதுளா.

பழைய பதிவேட்டை இழுத்தேன்.
மூன்று வருடத்துக்கு முந்திய படிவத்தின் எங்கள் பிரதி:
மிருதுளா, விலகியோர், காரணம் குடும்பம்.
என்னுடைய கையெழுத்து.

இந்த முறைப் படிவத்திலும் அவளுக்கு இடமில்லை.
ஆறு வருடத்துக்குள் முடித்தவர்தான் கணக்கு.
பிள்ளை என் முத்திரையை எட்டிப் பிடித்து
வாயில் வைக்கப் பார்த்தது.
மையைத் துடைத்துவிட்டுப் பற்றுச்சீட்டைக் கொடுத்தேன்.
"வேற ஏதும் நிரப்பவேணுமோ?" என்றாள்.
இல்லை என்றேன்.

பீடாதிபதி எட்டிப் பார்த்தார்.
"எவ்வளவு வந்தது?"
எழுபத்தொன்று தசம் ஏழு ஏழு.
"எழுபத்திரண்டு என்று போடுங்கோ, வடிவாயிருக்கும்."
கல்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்.
அப்படி முழுதாக்கினால்
ஓர் ஆளின் கால்வாசி
திரும்பி வந்து வகுப்பில் இருக்கும்.
போட்டேன்.

நாலரை பஸ்சுக்கு எல்லோரும் எழும்பிவிட்டார்கள்.
பழைய பதிவேட்டில், குடும்பம் என்ற சொல்லுக்கு மேல்,
பென்சிலால் எழுதினேன்: பட்டம் பெற்றார்.
கொழும்பில் இருக்கிற பிரதியில்
அவள் இன்னும் விலகித்தான் இருக்கிறாள்.