நாற்பத்தெட்டு ஹெர்ட்ஸ்

அரசூருக்குப் பக்கத்துக் கடலே
கணவாய் தாண்டி நாலு மணி நேரம்.
ஆனாலும் எங்கள் ஷெட்டில், ரப்பர் மெத்தைமேல்,
உப்புத் தண்ணீருக்கென்று வார்த்த வெண்கல பம்பு ஒன்று
உட்கார்ந்திருந்தது. கப்பலின் பெயர் எங்களுக்குச் சொல்லவில்லை.
வரைபட எண் மட்டும். அதிலும் கடைசி மூன்று இலக்கம்
கறுப்பு மையில் அடித்திருந்தது.

வேலை சின்னதுதான்: குளிர்நீர் சுற்ற வேண்டும்.
சுற்றுவது யாருக்கும் கேட்கக் கூடாது.
குழாயை மட்டும் மேலே நீட்டி மூச்சிழுத்து,
டீசல் ஓட்டி, பேட்டரியை நிரப்பிக்கொண்டு முங்குமாம்
(பவர்கட் வருசத்தில் நாங்கள் ஓட்டியது மாதிரியே).
அப்புறம் நாற்பது பேரும் வெறுங்காலோடு நடப்பார்கள்.
சமையல்காரர் கரண்டியில் துணி சுற்றியிருப்பார்.
மேலே எவனோ ஒருத்தன் நீருக்குள் காதை விட்டுக் காத்திருப்பான்.

சோதிக்க வந்த தேப்நாத் ஒன்பது வருசம் உள்ளே இருந்தவர்.
டீ டம்ளரை மேசையில் வைத்தால் வைத்ததே தெரியாது.
கேட்டில் வாட்ச்மேன் பதிவேட்டில் எழுதியிருந்தார்:
"சப்மெர்சிபிள் ஆபீசர்."
இந்த ஊரில் முழுகுகிற எதற்கும் அதுதானே பெயர்.

பகலில் முடியாது. லேத்து, வார்ப்படப் பட்டறை, அவிநாசி ரோட்டு லாரி.
ராத்திரி பதினொன்றுக்கு வெறும் ஷெட்டை அளந்தோம், சுத்தம்.
பன்னிரண்டரைக்குப் பம்பை ஓட்டினோம்.
இருபத்துநாலில் வர வேண்டிய முகடு
தாழ்வாக, ஒழுங்காக வந்தது.
நாற்பத்தெட்டில் இன்னொன்று,
சென்னிமலை மாதிரி தனியாக.

சுற்றுக்கு இரண்டு தடவை என்றால் அச்சு கோணல்.
படித்தது அப்படித்தான்.
கப்ளிங்கைக் கழற்றி, டயல் வைத்து, மறுபடி பூட்டி,
மூன்று ராத்திரி. மூன்று ராத்திரியும் சென்னிமலை.
முதலாளி ஃபோனில் கெட்ட வார்த்தை இல்லாமலே திட்டினார்.
வார்ப்பில் குறை என்று எழுதப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

நாலாம் ராத்திரி தேப்நாத் சொன்னார்: நம்முடையதை நிறுத்து.
நிறுத்தினேன். இருபத்துநாலு படுத்துக்கொண்டது.
நாற்பத்தெட்டு நின்றது.
அவர் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் காது வைத்துப் படுத்தார்.
எழுந்தபோது கன்னமெல்லாம் இரும்புத்தூள்.
"கீழே இன்னொருத்தன் இருக்கான்."

சுவரைத் தாண்டினால் ராக்கியண்ணன் தோட்டம்.
மும்முனைக் கரண்ட் பன்னிரண்டுக்கு வரும், மூன்றுக்குப் போகும்.
டார்ச்சோடு வரப்பில் போனேன்.
தென்னங்கன்றுக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தார்.
"ஏனுங் அம்மிணி, இந்நேரத்துல?"
பத்து நிமிசம் மோட்டாரை நிறுத்தணும் என்றேன்.
கடலுக்கடியில் போகிற ஒன்றுக்காக என்றேன்.
"அது எத்தன அடி போகுமுங்க?"
ஆயிரம் இருக்கும்.
"என்றது ஆயிரத்தி நூத்தம்பதுல கெடக்குது."
சொல்லிவிட்டு, சும்மா சொல்லக் கூடாது,
கையைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்டார்ட்டரை அமுக்கினார்.

மடையில் மிச்சத் தண்ணி
மண்ணுக்குள் இறங்குவது கேட்டது.
கேட்டுக்கொண்டு நின்றேன், ஓட வேண்டிய நேரத்தில்.

திரும்பி வந்து ஓட்டினோம். இருபத்துநாலு மட்டும்.
தேப்நாத் கையெழுத்துப் போட்டார். தாளில் பேனா உரசியது
அவருக்கே பிடிக்கவில்லை போல.

ஸ்டார்ட்டரில் மறுபடி கை வைக்குமுன்
தோட்டத்து லைனில் கரண்ட் போனது.
அன்றைக்கென்று ஒரு மணி நேரம் முன்னாடி.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியைக் கழுவ
வாய்க்காலில் தண்ணி தேடினார்.

காலையில் ஒரு டேங்கர் சொன்னேன். ஆயிரத்து நானூறு.
வவுச்சரில் என்ன செலவென்று எழுத வேண்டியிருந்தது.
"சத்தக் குறைப்பு" என்று எழுதினேன்.
அக்கவுண்ட்ஸ் கோகிலவாணி இரண்டு தடவை படித்துவிட்டு
முத்திரை குத்தினாள்.
ஊரே எழுந்திருக்க ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது டேங்கர்.
பத்தொன்பதாவது கன்றிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்
ராக்கியண்ணன்.