எடைமேடைப் பலகை

செம்பனை ஆலை வாசலில்
லோரிகள் ஏறி நிற்கும் மேடைக்குப் பக்கத்தில் என் அறை.
சன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளைப் பலகை.
மேலே மலாயில் பாதுகாப்பு வாசகம்,
அது மேனேஜருடையது.
மிச்ச இடம் என்னுடையது.

தினம் மூன்று வரி எழுதுவேன்.
ஒன்று, எங்கேயோ படித்த துணுக்கு.
ஒன்று, பழைய கதை.
ஒன்று, என் மண்டையில் ஓடுவது.
மூன்றாவதைப் பெரும்பாலும் பசியாறப் போகும்முன்
நானே அழித்துவிடுவேன்.

"ஆக்டோபசுக்கு இதயம் மூன்று."
ரசீதை வாங்கிக்கொண்டே தொப்ளான் சொன்னான்:
"ஒண்ண வச்சுக்கிட்டே
மாசக் கடைசி வரைக்கும் ஓட்ட முடியல, கிராணியக்கா."

"தங்கமீனின் ஞாபகம் மூன்றே நொடி."
சாயங்காலம் வயர்மேன் ஆ லியோங் வந்து நின்றார்.
"பொய். பன்னண்டு மீன் வளக்கிறேன்.
என் மோட்டார் சத்தம் கேட்டா மேல வரும்.
என் பொண்டாட்டி மோட்டாருக்கு வராது."
நல்ல தமிழில் திட்டினார்.
மறுநாள் திருத்தம் போட்டேன்,
மனைவி விஷயத்தை விட்டுவிட்டு.

புதன்கிழமை:
"1981. கேமரூனிலிருந்து ஒரு வண்டு வந்தது, எள்ளளவு.
அதுவரை செம்பனைப் பூவுக்கு
மனிதக் கைதான் மகரந்தம் போட்டது."
உதிரிப்பழம் கூட்டும் அஞ்சம்மா
துடைப்பத்தை ஊன்றி, படித்துக்காட்டச் சொன்னாள்.
இரண்டு தடவை படித்தேன்.
"சீசாவுல மாவு வச்சு, முள்ளு குத்தக் குத்த
ஊதுனவ நான்தான்" என்றாள்.
பிறகு வெகுநேரம் கழித்து:
"என் வேலய எடுத்தது வண்டா?
இத்தன வருசமா தண்டலத்தானே ஏசுனேன்,
பாவம், செத்தே போயிட்டான்."

வியாழன் மழை. மை கரைந்தது.
எழுத நினைத்திருந்தது இது:
பெர்ஜுந்தை என்றால் தொங்குவது.
பேரை மாற்றிப் பெஸ்தாரி ஜெயா என்றார்கள்.
பஸ் நிலையத்தில் இன்னும் பழைய பேர்தான் கேட்கிறது.
ஊர் நடுவில் தொங்குகிறது.

வெள்ளிக்கிழமை எழுதினேன்:
"1981 டிசம்பர் 31.
இரவு பதினொன்றரைக்குப் பிறகு
நேராகப் பன்னிரண்டு.
நாட்டுக் கடிகாரமெல்லாம் அரைமணி முன்னால் போயின."

லோரியை மேடையில் நிறுத்தியவன் இறங்கி வந்து
இன்ஜினை அணைக்காமலே படித்தான்.
குணாளன். அதிகம் பேசாதவன்.
"அக்கா, நான் அந்த ராத்திரிதான்.
பதினொன்னு நாப்பது.
டிரெசர் கைக்கடிகாரத்தப் பார்த்து எழுதிட்டாரு,
அவரு முள்ளத் திருப்பல."

இல்லாத நேரத்தில் பிறந்தவன்.
அவனுக்கு ஜாதகம் இரண்டு.
ஒன்றில் சிம்ம லக்கினம், ஒன்றில் கன்னி.
பெண் வீட்டார் முதலில் ஒன்றைப் பார்ப்பார்கள்,
பிறகு இன்னொன்று இருப்பது தெரியவரும்.
நாற்பது தாண்டியாயிற்று.

"இத எழுதி, சீல் வச்சுக் குடுங்க."
எடைமேடை சீலுக்கு
நட்சத்திரங்கள் கட்டுப்படுமா தெரியவில்லை.
இருந்தும் ஒரு ரசீதைக் கிழித்தேன்.
மொத்த எடை என்ற கட்டத்தில் 12.00.
வெற்று எடை, 11.30.
நிகர எடைக்கு நேராகப் பேனா நின்றது.
பின்னால் இரண்டு லோரி ஹாரன் அடித்தன.
காலியாகவே விட்டு, சீல் குத்திக் கொடுத்தேன்.
மடித்து லைசென்சுக்குள் வைத்துக்கொண்டான்.

அன்றைக்கு மூன்றாவது வரியை அழிக்கவில்லை:
"எனக்கு அப்போது ஆறு வயது.
தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.
என் அரைமணியும் போனது,
இன்றுவரை நான் தேடவில்லை."

கீழே யாரோ
நீல மையில் எழுதியிருந்தார்கள்:
எனக்கும்தான்.
அதற்கும் கீழே, சீனத்தில் ஒரு சொல்.
ஆ லியோங்கைக் கேட்க வேண்டும்.