பின்பாதி

ஐப்பசியில் கோத்தகிரியில் தாள் காயாது.
மூக்கில் ஒரு சொட்டுக் கறுப்பு வைத்து,
டீ குடித்து, துணி மடித்து,
கரண்ட் போய் வந்து
திரும்பிப் பார்த்தாலும்
ஈரமாகவே இருக்கிறது மூக்கு.
நாய்க்கு அது சரிதான்.

அதற்காகத்தான் பேக்கரிக்கு மேல் இந்த அறை.
கீழே வர்க்கி அடுப்பு எரிகிற சுவரில்
கிளிப் மாட்டித் தொங்குகின்றன
திருப்பூர் லாப்ரடார், ஈரோட்டுப் பூனைகள் இரண்டு,
பெங்களூரிலிருந்து ஒரு கினியா பன்றி.
எல்லாவற்றிலும் நெய் வாசம்.
'எங்கள் டாமி தன்னையே நக்கிவிட்டது,
ஒரு காதைக் காணோம்' என்று எழுதினார்
ஒரு பல் மருத்துவர்.
காதுக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

அனுப்புகிற போட்டோவோடு
ஒரு வரியும் வரும்:
'கழுத்துச் சங்கிலியை எடுத்துவிடுங்கள்.'
சங்கிலி யாருக்கும் வேண்டாம்.

ஹாலன் அனுப்பியது கல்யாணப் படம்.
தேயிலைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்.
தலைப்பாகையும் வெள்ளைச் சால்வையுமாய்
வரிசையாக ஆட்கள்,
வலது ஓரத்தில், யாரும் கூப்பிடாமல் வந்து நின்ற
ஒரு வெள்ளை நாய்.
முன்பாதி மட்டும்.

'வேற போட்டோ?'
'இல்லீங்க. சிறுத்தை தூக்கிட்டுப் போனப்புறந்தான்
ஒண்ணுகூட எடுக்கலைன்னு தெரிஞ்சுது.'

வால் எப்படி இருக்கும் என்றேன்.
'இடப்பக்கம் சுருண்டிருக்கும்.'
பின்னாலிருந்து அவர் மனைவி மாதி:
'வலப்பக்கம். சோறு வெச்சவளுக்குத் தெரியாதா?'
'நீ பின்னாடி நின்னு பாத்தே.'
'வாலை முன்னாடி நின்னு பாப்பாங்களா?'
அப்புறம் படுக மொழியில் சண்டை.
எனக்குப் புரிந்தது நாயின் பெயர் மட்டும்:
கரியன்.
குட்டியில் கறுப்போ என்று கேட்டேன்.
'கண்ணு படக்கூடாதுன்னு வெச்சது' என்றார்.

வெள்ளை என்று ஒரு வண்ணம்
என் பெட்டியில் கிடையாது.
நாய் இருக்கும் இடத்தை விட்டுவிட வேண்டும்.
சுற்றிலும் தேயிலைப் பச்சை,
வயிற்றடியில் கொஞ்சம் நீலச் சாம்பல்,
மூக்கு, இரண்டு கண்.
மிச்சம் வெறும் தாள்.
தொடாத அந்த இடம்
தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கும்.

இடுப்புக்குப் பின்னால் எனக்கு வழி தெரியவில்லை.
தண்ணீர் தொட்டுப் பச்சையைக் கரையவிட்டேன்,
நாய் மஞ்சுக்குள் நடந்துபோகிற மாதிரி.
நன்றாக வந்தது.
அதைவிட நன்றாக என் கையில்
ஒன்றும் வந்ததில்லை.

மாதி நேரில் வந்தாள், ஈரக் குடையோடு.
வெகுநேரம் பார்த்தாள்.
'சிறுத்தை முழுசா எடுத்துட்டுப் போச்சு.
நீங்க பாதியை எடுத்துக்கிட்டீங்களா?'

புதுத் தாள் ஒட்டினேன்.
எதிரே உட்கார்ந்து
விரலைக் காற்றில் சுருட்டிச் சுருட்டிக் காட்டினாள்.
இன்னும் கொஞ்சம்.
அய்யோ, இவ்வளவு இல்லை.
நுனியில் ஒரு கோணல்,
கதவிடுக்கில் மாட்டினது, சின்னதில்.

வலப்பக்கம்தான் சுருட்டினேன்.
ஹாலன் சமாளித்துக்கொள்வார்.

காயட்டும் என்று சுவரில் மாட்டியதும்
கீழே இறங்கிப் போய்
சூடாக வர்க்கி வாங்கி வந்தாள்.
ஒன்றை உடைத்து
படத்துக்கு நேர் கீழே, தரையில் வைத்தாள்.
கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு குனிந்து, எடுத்து,
ஊதிவிட்டுத்
தானே தின்றாள்.