பயிற்சி வண்டி அல்ல

புங்கர்த்னிக் ஓட்டுநர் பள்ளியை மூடினபோது
அவர்களுடைய சிவப்பு கிளியோவை நான் வாங்கினேன்.
ஆசிரியர் பக்கத்து பிரேக்கைக் கழற்றிக்கொண்டார்கள்,
எழுத்துகளை விட்டுவிட்டார்கள்.
நாளைக்கு எடுத்துவிடலாம் என்றிருந்தேன்.
அந்த நாளைக்கு வர
நான்கு வருஷமாயிற்று.

அந்த நான்கு வருஷமும் மரிபோர் நகரத்தில்
ஒருவர்கூட என்னைப் பார்த்து ஹாரன் அடிக்கவில்லை.

த்ராவா பாலத்தின் நடுவில் வண்டி அணைந்துபோகும்.
பின்னால் பதினைந்து கார்கள்
பிரார்த்தனைக் கூட்டம்போல அமைதியாக நிற்கும்.
ரவுண்டானாவில் தப்பான பக்கம் திரும்பினால்
என்னை விட்டுவிட்டு
பக்கத்து இருக்கையை முறைப்பார்கள்.
அங்கே என் கைப்பை உட்கார்ந்திருக்கும்.

எனக்கு நாற்பத்தாறு வயது.
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு வேலை.
லைசென்ஸ் எடுத்து இருபது வருஷமாகிறது.
இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை,
வருடாந்தரச் சோதனைக்குப் போகும்வரை.

"நீங்கள் சொல்லித்தருகிறீர்களா?"
இல்லை.
"கற்றுக்கொள்கிறீர்களா?"
கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை என்றேன்.
அவர் தாளில் என்னவோ எழுதி
எட்டு நாள் தவணை கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர்.
சமையலறை ஜன்னல் வழியாக வயரை இறக்கி
தலை உலர்த்தும் மெஷினை
கதவுக்குக் காட்டிக்கொண்டு நின்றேன்.
முதல் எழுத்து சூடாகி, இளகி,
முழுசாக வந்துவிடும்போல ஆசை காட்டி
பாதியில் அறுந்தது.
அதன்பிறகு நகப்பூச்சு உதிர்வதுபோலத்தான்,
துணுக்குத் துணுக்காக.
காலாவதியான நூலக அட்டையால் சுரண்டினேன்.
தலையில் கொக்கி போட்ட எஸ் ஒன்று உண்டு எங்கள் மொழியில்;
எழுத்து வந்துவிட்டது, கொக்கி வரவில்லை.
அதற்கு மட்டும் இருபது நிமிஷம்.

மேல்மாடி விலி குப்பை கொட்ட வந்தவன் நின்றுவிட்டான்.
ஆறாம் எண் பேருந்து ஓட்டுகிறான்.
"எண்ணெய் தடவு, பசை விட்டுவிடும்."
பூசணி விதை எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்தேன்.
பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கடாசியதைப்போல
பதறினான்.
"அது சாலட்டுக்கு! சூரியகாந்தி இல்லையா வீட்டில்?"

இருந்தது.
பழைய தலையணை உறையை நனைத்து
பத்து நிமிஷம் ஒட்டிவைத்தோம்.
பசை மஞ்சளாகி, உருண்டு,
அழிரப்பர் தூள்போல விரலடியில் திரண்டது.
நான்கு வருஷத் தூசி அதில் இருந்தது,
ஒரு கொசுவின் கால்,
என்னுடையதல்லாத ஒரு தலைமுடி.

துடைத்தபடியே விலி சொன்னான்:
"உன்னைக் கண்டால் நான் எப்போதும் வேகத்தைக் குறைப்பேன்.
பாவம், யாரோ பயந்த பிள்ளை என்று.
நீதான் என்று தெரியாது."

நான் துணியைப் பிழிந்தேன்.

கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு வாளி வெந்நீர்.
தள்ளி நின்று பார்த்தால்
பள்ளியின் பெயர் அப்படியே இருக்கிறது.
வெயில்பட்டு வண்டியெல்லாம் ரோஸாக வெளுத்திருக்க,
ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும்
ஷோரூமிலிருந்து வந்த நாளின் சிவப்பு.
முன்பைவிட நன்றாகப் படிக்க முடிந்தது.
விலி பாலிஷ் போடலாம் என்றான்,
அல்லது இரண்டு கோடை பொறு என்றான்,
வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

திங்கள் விடிகாலை, வேலை முடிந்து வருகிறேன்.
இருட்டு. மழை. இருட்டில் எந்தச் சிவப்பும் ஒன்றுதான்.
தெஸ்னோ சிக்னலில் பச்சை விழுந்தது,
என் வண்டி அணைந்தது.

ஒன்று. இரண்டு.

பின்னாலிருந்து ஹாரன்.
சின்ன சத்தம்கூட இல்லை,
உள்ளங்கையை வைத்து அமுக்கிய சத்தம்.
தோளெல்லாம் தூக்கிப்போட்டது எனக்கு.
பக்கத்து இருக்கையைப் பார்த்தேன்.
கைப்பை நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் ஒரு பேக்கரி வேன்.
நெற்றி நிறைய புது எழுத்து, தலைகீழாக,
ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டியிருந்தார்கள்.
மூலையிலிருந்து தொடங்க வேண்டும், என்று நினைத்தேன்,
சூட்டைக் குறைவாக வைத்து, அவசரப்படாமல்.

சாவியைத் திருப்பினேன்.
கியரிலிருந்து கையை எடுக்கப் போனால்
பெருவிரல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது.