பதின்மூன்று

ப்ளைத் நகரின் சாய்மழையில் நின்று
எண்பது பவுண்டுக்கு அதை வாங்கினேன்.
விற்றவள் எட்னா. கணவர் கத்பர்ட் போய் ஏழு மாதம்.
"சார்ஜர் இங்கேதான் எங்கேயோ" என்று
இழுப்பறையைத் துழாவினாள்.
ஒரு திருப்புளி, பாதி தீர்ந்த பெப்பர்மின்ட்,
காது டாக்டரின் சீட்டு,
கடைசியில் சார்ஜர்.

இரவுப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு
விடியலில் கடற்கரைக்குப் போனேன்.
பொத்தானை அழுத்தியதும் திரை கேட்டது:
பழைய அமைப்பைத் தொடரவா,
அழித்துப் புதிதாகத் தொடங்கவா?

அழிக்கத்தான் நினைத்தேன்.
அடுத்தவர் செருப்பில் கால் நுழைக்கிற கூச்சம்.
ஆனால் குளிர்; கையுறை விரல் தவறி
'தொடர்' மேல் விழுந்தது.

அப்படித்தான் அந்த மனிதர்
என் காதுக்குள் வந்தார்.

அடிநாதம் ஏழு.
எனக்கு இரண்டே தாராளம்,
கண்ணாடிக்கு வெளியே ஈ முரல்கிற அளவு.
அவருடையது கொதிக்கும் கெட்டில்.
வெள்ளி என்றால் உச்ச ஸ்தாயியில்
கீச்சிடுவதுதான் வழக்கம்.
இவரோ அதை மந்தரத்துக்கு இறக்கியிருந்தார்.
டைன் ஆற்றோரக் கப்பல் பட்டறையில்
இருபத்தாறு வருடம் தகடு அடித்தவருக்கு
மேல் சுரங்கள் எப்போதோ உதிர்ந்திருக்கும்.
எட்டாத ஆணியைப் பிடுங்கி
கைக்கு எட்டும் உயரத்தில் அடிப்பதுபோல
வெள்ளியைக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டார்.

இரும்பின் வாயைப் பலர் முழுக்க அடைத்துவிடுவார்கள்.
அவர் அடைக்கவில்லை. ஒலியளவு மூன்று.
பக்கத்து வீட்டில் யாரோ இருமுவதுபோல
ஆணிகள் வந்து வந்து போயின.

உணர்திறன் இருபத்தைந்துவரை ஏறும்.
ஈர மணலில் உப்பு பொய் சொல்லும் என்று
பதினாறோடு நிறுத்தியிருந்தார்.
பேராசை இல்லாதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் பதின்மூன்று.

மற்ற எண்களெல்லாம் தரையோடு தரையாக முனக
அதற்கு மட்டும் தனிக் குரல்.
அவர் காது தொடக்கூடிய கடைசி உயரம்,
முழு ஒலியளவு.
முதல் தடவை கேட்டபோது
ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

தோண்டினேன். பீர் டின்னின் வளையம்.
இன்னும் நாலடி. வளையம்.
பதினோரு வளையங்கள், தோளில் வலி.
விவரம் தெரிந்தவன் எவனும்
முதலில் ஊமையாக்குவது இந்த எண்ணைத்தான்.
மெல்லிய தங்க மோதிரத்துக்கும்
இதே எண் என்பது
வலி குறைந்த பிறகே எனக்கு உறைத்தது.

"இன்னொரு ஹெட்போன் கிடைத்தது, வா" என்று
எட்னா கூப்பிட்டாள்.
போனேன். கேட்டும்விட்டேன்.
தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"என் கல்யாண மோதிரமாக இருக்கும்.
நீந்தும்போது நழுவியது என்று சொன்னேன்."
கரண்டி நின்றது.
"விற்றுவிட்டேன்.
பட்டறை மூடிய வருடம். கரண்ட் பில்,
பையனுக்குப் பள்ளிக்கூடக் கோட்டு.
தெரிந்தால் அவர் உடைந்துபோயிருப்பார்."

எத்தனை வருடம் தேடினார் என்றேன்.

"தேடுவதாக அவர் சொன்னதே இல்லையே.
பழைய காசு பொறுக்குகிறேன் என்பார்.
நானும் நம்பினேன்."
சர்க்கரை போட்ட கோப்பையில்
மறுபடி சர்க்கரை போட்டாள்.

இப்போதும் விடியலில் போகிறேன்.
அடிநாதத்தை இரண்டுக்குக் குறைத்தாயிற்று.
வெள்ளியை மேலே ஏற்றினேன்;
என் காது இன்னும் சொன்னபடி கேட்கிறது.
இரும்பு மூன்றிலேயே இருக்கட்டும்,
தனியாக நடக்கிறவனுக்கு ஓர் இருமல் துணை.

பதின்மூன்றில் கை வைக்கவில்லை.

அது அலறும்போது எனக்குத் தெரியும்,
டின் வளையம்தான்,
வேறெதுவும் இங்கே இருக்க வழியில்லை.
முழங்கால் நனைய உட்கார்ந்து தோண்டுகிறேன்.
இன்று காலை
நாயோடு வந்த ஒரு பெண் நின்று கேட்டாள்:
"அப்படி என்னதான் தேடுகிறீர்கள்?"

பழைய காசு, என்றேன்.