நிர்வாக நலன் கருதி

பெல்ட்டில் கடைசித் துளையும் தீர்ந்த அன்று
கோரிப்பாளையம் சிக்னலில் எனக்குப் பகல் டூட்டி.
முடிந்து போகிற வழியில்
தெற்குவாசல் தோல்கடைக்காரர்
ஆணியைச் சூடேற்றி இன்னொன்று போட்டார்.
"இதுக்கு மேல பட்டையில எடமில்லக்கா."
இருபத்தேழு வருஷ சர்வீஸில்
இடமில்லை என்று என்னிடம் சொன்னவர்கள் ஏராளம்.
ஒரு தோல்பட்டை சொன்னது
இதுதான் முதல் தடவை.

எடை கூடவில்லை, அதுதான் வேடிக்கை.
ஆயுதப்படை மைதானத்து மிஷினில்
போன வருஷமும் அறுபத்தெட்டு
இந்த வருஷமும் அறுபத்தெட்டு.
காக்கி பேன்ட் தொடையில் தொளதொளக்கிறது,
இடுப்பில் மூச்சு விடமாட்டேன் என்கிறது.
என்னிடம் குடியிருந்த யாரோ
என்னிடமே வேறு கதவிலக்கத்துக்குப்
போயிருக்கிறார்கள்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் ஷகிலா பானு
சீட்டின் பின்பக்கம் ஓர் உடம்பு வரைந்தார்.
தலை இல்லை, கை இல்லை, பானை மாதிரி.
"ஈஸ்ட்ரோஜன் இருந்தவரைக்கும்
கொழுப்பைத் தொடைக்கும் பின்பக்கத்துக்கும் அனுப்பிக்கிட்டிருந்துச்சு.
பிள்ளைக்குப் பால் குடுக்கிற காலத்துக்கான சேமிப்பு.
இப்ப அது வத்திப்போச்சு.
இனிமே சேர்றது வயித்துக்குள்ள,
குடலோரமா, ஈரலோரமா போய் உக்காரும்."

புரிந்தது.
ஸ்டேஷன் ரைட்டர் ரிட்டயர் ஆகிவிட்டார்.
முப்பத்தாறு வருஷம்
யார் எங்கே பாரா நிற்பதென்று
ரோஸ்டர் எழுதிய கை.
டீ பார்ட்டி இல்லை, மாலை இல்லை,
குரூப் போட்டோ இல்லை.
இப்போது ஆட்கள் எல்லாரும்
ரெக்கார்டு ரூமுக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

"நைட் டூட்டி உண்டா?"
மாசத்துக்குப் பத்து, திருவிழா என்றால் கணக்கில்லை.
பானையின் நடுவில் இன்னும் இரண்டு கோடு கிழித்தார்.
"தூக்கம் கெட்டா கார்டிசால் ஏறும்.
அதுவும் இங்கதான் கொண்டாந்து கொட்டும்."

வீட்டில் மொக்கச்சாமிக்கு வேறு உத்தரவு.
லாரி ஷெட்டில் டயர் தூக்கிய நெஞ்சு அவருக்கு.
புராஸ்டேட்டுக்காக மூன்று மாசத்துக்கு ஓர் ஊசி,
டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து
லாக்கப்பில் வைக்கிற ஊசி.
கட்டி அடங்கியது.
நெஞ்சு மெத்தென்று ஆனது.
குழாயடியில் வெறும் உடம்போடு குளித்துக்கொண்டே
தெருவில் போகிறவர்களிடம் கதை பேசுகிறவர்
இப்போது பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறார்.

நடுராத்திரி குப்பென்று வியர்த்து எழுந்து உட்காருவார்.
பார்த்தால் நானும் உட்கார்ந்திருப்பேன்.
வீட்டில் ஒரே டேபிள் ஃபேன்.
எந்தப் பக்கம் திருப்புவதென்று சண்டை;
வைகைப் பக்கமிருந்து காற்று வந்த காலமெல்லாம்
எங்கள் கல்யாணத்துக்கு முன்னால்.

நேற்று மஃப்டி டூட்டி.
என் பேன்ட் எதுவும் ஏறவில்லை.
பீரோவில் அவருடைய நீல பேன்ட்,
ஊசிக்கு முன்னால் தைத்தது,
இப்போது அவருக்குப் பின்பக்கம் இறுக்குகிறது.
கால் நுழைத்தேன்.
கொக்கி விழுந்தது. ஜிப் ஏறியது.
கண்ணாடியில் அவருடைய இடுப்பு நின்றது.

கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.
"அப்ப என் ஜாக்கெட் எங்க?" என்றார்.

சிரித்தோம்.
ஊசி ஆரம்பித்த பிறகு
இந்த வீட்டில் கேட்காத சத்தம்.
சிரிக்கும்போது அவர் நெஞ்சு குலுங்கியது,
துண்டை இழுத்து மூடப் போனவர்
பாதியில் விட்டுவிட்டார்.
மூடாமலே கிடந்தது.

நாளைக்கு யூனிஃபார்ம் ஸ்டோரில்
ஆண்கள் அளவில் ஒரு பேன்ட் கேட்க வேண்டும்.
படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு.
ஈஸ்ட்ரோஜன் என்று எழுதினால்
கிளார்க் எழுத்துப்பிழை என்று அடித்துவிடுவான்.

'நிர்வாக நலன் கருதி' என்று எழுதிவிடலாம்.
மேலூரிலிருந்து திருமங்கலத்துக்கு
என்னைத் தூக்கியடித்தபோதும்
அதைத்தான் எழுதினார்கள்.