பதினோராம் மாதம்

ஒற்றை ரூபாய் நாணயத்தால்
சுவரைத் தட்டிக்கொண்டே போகிறேன்.
திண்ணென்றால் நகரலாம்.
பொத்தென்றால் சாக்பீஸால் ஒரு வட்டம்.
சி பிளாக் மேற்குப் பக்கம் முழுக்க
வட்டம் வட்டமாய்
வாய் திறந்து நிற்கிறது.

தேவகோட்டை ரஸ்தா தாண்டி
கண்மாயை ஒட்டிய மேட்டில்
நாலு மாடி, தொண்ணூற்றாறு வீடு,
சாவி கொடுத்துப் பதினோரு மாதம்.
ஒரு வருடம்வரை பழுதெல்லாம்
காண்ட்ராக்டர் தலையில்.
அப்புறம் வாரியத்தின் தலையில் என்பார்கள்,
அதாவது குடியிருப்பவர்கள் தலையில்.
சன்ஷேடு காரை பெயர்ந்து விழுகிற இடத்தில்
இது உவமை இல்லை.

சோலைமலை புட்டி டப்பாவோடு வந்திருக்கிறார்.
"மயிரிழை விரிசல்தானே மேடம்,
பச்சப்புள்ளைக்குத் தோல் உரியாதா?
ரெண்டு கோட்டு அடிச்சா தெரியாது."
நல்ல மனுஷர். என் வண்டி பஞ்சரான அன்று
புதுவயல்வரை டியூபைத் தூக்கிப்போனவர்.
அதுதான் சிக்கல்.

இரண்டாம் மாடி வெள்ளக்கண்ணு
எங்களோடு வழக்காடவில்லை.
நடைச்சுவரைக் காட்டினாள்.
விரிசலுக்குக் குறுக்கே
தினசரி காலண்டர் தாள்கள்,
மைதாப் பசையில், மேலிருந்து கீழே.
புரட்டாசித் தாள் இரண்டாய்ப் பிளந்திருந்தது.
அதன்கீழ் ஐப்பசி அடைமழைத் தாள், அதுவும்.
போன செவ்வாய் ஒட்டியது
ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் நடுவில்
இப்போதுதான் கிழிய ஆரம்பித்திருக்கிறது.

"பூசினா மறஞ்சிரும்.
ஆனா அது நடந்துக்கிட்டுல்ல இருக்கு"
என்றாள்,
மாவு கரைக்கப் போய்விட்டாள்.

கல்லூரியில் இதற்குக்
கண்ணாடித் துண்டு ஒட்டச் சொன்னார்கள்.
எந்த சைட்டிலும் நான் பார்த்ததில்லை.

குனிந்து சன்ஷேடின் அடிப்பக்கம் தடவினேன்.
சுண்டுவிரல் அகலத்தில்
ஒரு பள்ளக் கோடு இருக்க வேண்டும்,
மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டி விழ.
இல்லை.
தண்ணீர் வழி தெரியாமல்
சுவருக்கே திரும்பிப் போயிருக்கிறது,
தொண்ணூற்றாறு வீட்டிலும்.

டெபாசிட் ஃபைல் வெள்ளிக்கிழமை நகர வேண்டுமாம்,
காலையிலிருந்து மூன்று போன்.
குறிப்பில் எழுதினேன்:
புட்டி கூடாது. பொள்ளல் முழுதும் உடைத்துப் பூசவும்.
கோடு வெட்டவும்.
கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

சோலைமலை வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கையை நீட்டி நாணயத்தை வாங்கினார்,
நான் தாண்டி வந்த ஒரு மூலையில் தட்டினார்,
காதை வைத்து
இன்னொரு தரம் தட்டினார்.

"இங்கயும் கேக்குது."

வட்டத்தை அவரே போட்டார்.
ரூபாயைத் திருப்பித் தரவில்லை.